திருத்தலத்தில் புதுக் கோயில் கட்டுவது எப்படி: குமரி மாவட்டப் பங்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசி வாரத்தில் கொடியேறி டிசம்பர் 3-இல் முடிகிறது. கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா திருவிழாவும் டிசம்பரில்தான். இரண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. குமரி மாவட்டத்தில் திருத்தலக் கோயில் கட்ட நினைப்பவர்கள் இதை முதல் தாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: நம் ஊரில் ஆள் திரளும் நாளும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

ஆனால் கட்டடக் குழு கூடியதும் முதலில் எழும் பேச்சு கோபுரத்தின் உயரம் பற்றியது. அடுத்தது முகப்பு: கோத்திக் பாணியா, புது மாதிரியா? திருத்தலத்துக்கு வருகிறவர் பங்குமக்களைப் போல வந்து பெஞ்சில் உட்கார்ந்து பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவர் இல்லை. அவர் நடக்கிறார், நிற்கிறார், தொடுகிறார், மெழுகுதிரி ஏற்றுகிறார், குடும்பத்தோடு நிழல் தேடி உட்காருகிறார். அந்த நடையிலிருந்து வரைபடம் பிறந்தால்தான் கோயில் திருத்தலமாக இருக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டது. பங்குப் பேரவை, கட்டடக் குழு, இளம் என்ஜினீயர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

படி 1: கட்டடத்துக்கு முன் கூட்டத்தை வரையுங்கள்

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1230-ஆம் எண் திருத்தலம் எது என்று சொல்கிறது: ஒரு தனிப்பட்ட பக்தியின் காரணமாக நம்பிக்கையாளர் பலர் திருப்பயணமாக வந்து சேரும், ஆயரின் ஒப்புதல் பெற்ற கோயில் அல்லது புனித இடம். சட்டமே வருகிறவர்களை வைத்துத்தான் திருத்தலத்தை வரையறுக்கிறது.

ஆகவே மூன்று தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சாதாரண வார நாளுக்கு, ஒன்று ஞாயிறு அல்லது நவநாள் கிழமைக்கு, ஒன்று தேர்ப்பவனி இரவுக்கு. அடுத்த திருவிழாவில் அன்பிய (பங்கின் சிறு குடும்பக் குழுக்களின்) இளைஞர்களை வாசல்களில் நிறுத்தி மணிக்கு மணி எண்ணச் சொல்லுங்கள். பேருந்து எங்கே நிற்கிறது, செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், கைக்குழந்தைக்காரி எங்கே ஒதுங்குகிறாள், சுரூபத்தின் (மாதா அல்லது புனிதர் சிலையின்) முன் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், வெளியேற எந்த வாசலைத் தேடுகிறார் என்று எழுதி வாங்குங்கள். எந்த ஆலோசகர் தரும் அறிக்கையை விடவும் இது மதிப்புள்ளது.

நின்று நகரும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 பேருக்கு மேல் நெருங்கினால் ஆபத்து தொடங்குகிறது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே கதவாக இருந்தால் அந்த எண்ணிக்கையை எட்ட நெடுநேரம் ஆகாது. சுரூபத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர் வந்த வழியே திரும்பாதபடி முன்னேறிப் போய் வேறு வாசலில் இறங்க வேண்டும். வரைபடத்தில் விரலை வைத்து இந்தப் பாதையை ஓட்டிப் பாருங்கள். விரல் ஓரிடத்தில் பின்னோக்கி வந்தால்கூட என்ஜினீயரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: அனுமதிகள்

ஆயரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோயிலும் கட்டக் கூடாது (எண் 1215). கட்டும்போதும் பழுது பார்க்கும்போதும் நிபுணர்களின் ஆலோசனையோடு திருவழிபாட்டு நெறிகளையும் புனிதக் கலை நெறிகளையும் பின்பற்ற வேண்டும் (எண் 1216). இந்த இரண்டாவது எண்ணைப் பல குழுக்கள் படிப்பதே இல்லை. தமிழ்நாட்டில் பொது வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. கடலோரப் பங்கு என்றால் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்துமா என்று நிலத்தை அளக்கும்போதே கேட்டுவிடுங்கள். அடிக்கல் நாட்டிய பிறகு கேட்டால் அந்தக் கல் அப்படியே கிடக்கும்.

படி 3: பழைய கோயிலை என்ன செய்வது?

இந்தப் படியில் என் கருத்து உறுதியானது: இடிக்காதீர்கள். இடம் நெருக்கடி என்றால் புதியதைப் பக்கத்தில் கட்டுங்கள்.

திருத்தலத்துக்கு வருகிறவர் ஒரு நிகழ்ச்சி நடந்த மண்ணைத் தேடி வருகிறார். புனித தேவசகாயம் 1712-இல் நட்டாலத்தில் பிறந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும் 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அதன் பிறகு நட்டாலம், புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை, காற்றாடிமலை, கோட்டாறு கல்லறை என்று ஒரு பயணப்பாதையே உருவாகிவிட்டது. இந்த இடங்களில் மூத்த பொருள் பாறையும் கல்லறையும் மண்ணும்தான். புதுக் கட்டடம் அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். பாறையைச் சுற்றிப் பளபளக்கும் கிரானைட் ஒட்டினால் பாறை காணாமல் போய்விடும்.

உலகின் பெரிய திருத்தலங்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. மெக்சிகோவின் குவாதலூப்பேயில் 1709-இல் முடிந்த பழைய பேராலயம் மண்ணில் சாய்ந்து இறங்கியபோது அதை இடிக்கவில்லை. பக்கத்தில் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் வடிவமைத்த வட்டக் கோயில் 1976-இல் எழுந்தது. பழையதையும் தாங்கிப் பிடித்துச் சீர்செய்தார்கள். போர்ச்சுகலின் பாத்திமாவில் 2007-இல் திறந்த மூவொரு கடவுள் பேராலயம் பழைய பேராலயத்துக்கு எதிரே, பெரிய திறந்தவெளிக்கு அப்பால் இருக்கிறது. உள்ளே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆனால் மாதா காட்சி தந்த இடத்தில் நிற்கும் சின்னஞ்சிறு சிற்றாலயம்தான் இன்றைக்கும் அந்த வளாகத்தின் நெஞ்சு.

நம் ஊரில் வெட்டுகல்லும் தேக்கும் ஓடும் கொண்டு எழுப்பிய பழைய கோயில் இருந்தால் அதை நற்கருணை ஆராதனைச் சிற்றாலயமாக வைத்துக்கொள்ளலாம். ஓடு மாற்ற ஆகும் செலவு புதுக் கோபுரத்தில் ஒரு தட்டுக்குக்கூட வராது.

படி 4: பலிபீடத்தில் தொடங்கி வெளியே வாருங்கள்

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பேரவை) வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, கோயில்கள் கட்டும்போது மக்கள் முழுமையாகப் பங்கெடுக்கத் தக்கதாக அவை அமைய வேண்டும் என்றது. வெறும் ஆடம்பரத்தை விட மேன்மையான அழகைத் தேடச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த நெறிமுறை, குரு சுற்றி நடக்கவும் மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றவும் ஏதுவாகப் பீடம் சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று விளக்கியது. நவீனக் கத்தோலிக்கக் கட்டடக் கலையின் வேர் இங்கே இருக்கிறது. கண்ணாடியும் கான்கிரீட்டும் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

திருப்பலி நூலின் பொது விதிகளைக் குழுவினர் அனைவரும் ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள். புதுக் கோயிலில் ஒரே பீடம், நிலையானது, மேற்பலகை இயற்கைக் கல்லாக இருப்பது மரபு. வாசக மேடையும் நிலையாக இருக்க வேண்டும், தூக்கி வைத்து எடுக்கும் ஸ்டாண்டு போதாது. நற்கருணைப் பேழை (நற்கருணை அப்பத்தை வைக்கும் பெட்டி) பீடத்தின் மேல் வராது. பீட முற்றத்தில் தக்க இடத்திலோ, மக்கள் கண்ணில் படும் தனிச் சிற்றாலயத்திலோ வரும். ஒரே புனிதரின் சுரூபம் ஒரு கோயிலில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கல் விஷயத்தில் நம் மாவட்டம் கொடுத்துவைத்தது. கருங்கல்லும் அதைச் செதுக்கத் தெரிந்த சிற்பிகளும் இங்கேயே இருக்கிறார்கள். மயிலாடியின் கல்வேலை நாடறிந்தது. வெளிநாட்டு மார்பிள் தேடிப் போக வேண்டாம். ஒரே கல்லில் பீடப் பலகையைச் செய்யச் சொல்லுங்கள். அதைச் சுற்றி ஐந்து குருக்கள் நின்றாலும் இடிக்காத அளவு இடம் விடுங்கள். திருவிழாக் கூட்டுத் திருப்பலிக்கு அதுவும் போதாமல் போகும்.

படி 5: புனிதருக்குத் தனி இடம்

திருத்தலத்தில் மட்டும் வரும் சிக்கல் இது. பூசை நடக்கும்போதே சுரூபத்தைத் தொட வரிசை வந்துகொண்டிருக்கும். பீடத்துக்குப் பின்னால் நடுநாயகமாக மாதாவையோ புனிதரையோ வைத்தால் இரண்டில் ஒன்று கெடும்: பூசையின் அமைதி அல்லது வந்தவரின் ஆசை.

குவாதலூப்பேயில் மாதாவின் படம் பதிந்த துணி பீடத்துக்குப் பின்சுவரில் உயரத்தில் இருக்கிறது. அதன் கீழே தாழ்வான வழியில் நகரும் நடைமேடைகள் மக்களைக் கடத்திச் செல்கின்றன. பூசை தடையின்றி நடக்கிறது. நமக்கு நகரும் நடைமேடை வேண்டாம். கோயிலின் பக்கவாட்டில், வெளியிலிருந்து தனி வாசலும் தனி வெளியேறும் வழியும் கொண்ட புனிதர் மண்டபம் போதும். கோயிலுக்குள் இருப்பவருக்கு அது திறப்புகள் வழியே தெரியட்டும். வரிசை அங்கே நகரட்டும். சுரூபத்தைச் சக்கர நாற்காலியில் இருப்பவரும் தொடும் உயரத்தில் வையுங்கள். ஏறும் சரிவு 1:12-ஐ (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) விடச் செங்குத்தாகக் கூடாது.

படி 6: உருவம்

நவீனம் என்றால் அலங்காரமில்லாத பெட்டி என்று சிலர் பயப்படுகிறார்கள். வேறு சிலர் கான்கிரீட் சட்டத்தின் மேல் சிமெண்டுப் பூச்சால் கூர்வளைவு ஒட்டிவிட்டுக் கோத்திக் என்கிறார்கள். கன்னியாகுமரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அலங்கார உபகார மாதா கோயிலின் வளைவுகள் எடை தாங்குகின்றன. அதனால்தான் அவற்றுக்குக் கம்பீரம். எடை தாங்காத வளைவு பத்தே வருடத்தில் வெடித்து உதிரும்.

திருப்பயண இடங்களுக்கென்றே உருவான நவீனக் கோயில்களைப் பாருங்கள். பிரான்சின் ரோன்ஷாம் குன்றில் லெ கொர்பூசியே 1955-இல் முடித்த மாதா கோயில் உள்ளே சிறியது. திருவிழாக் கூட்டத்துக்காகக் கிழக்குச் சுவரின் வெளிப்புறத்தில், கூரையின் நீண்ட விளிம்புக்குக் கீழே ஒரு பீடமும் பிரசங்க மேடையும் வைத்தார். மாதா சுரூபம் அந்தச் சுவரின் கண்ணாடி மாடத்தில், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தெரியும்படி நிற்கிறது. வருடத்தில் பத்து நாள் வரும் பெருங்கூட்டத்துக்காக மீதி நாளெல்லாம் காலியாகக் கிடக்கும் பெரிய மண்டபம் கட்டாமல் தப்பிக்கும் வழி இது. குமரிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

ஜெர்மனியின் நெவிகெஸ் ஊரில் காட்ஃபிரீட் போம் 1968-இல் முடித்த மாதா கோயிலில், திருப்பயணிகள் ஏறிவரும் படிப்பாதையின் தரை அப்படியே கோயிலுக்குள்ளும் தொடர்கிறது. தெருவே உள்ளே வந்து முற்றமாக விரிந்தது போன்ற உணர்வு. அருமையான எண்ணம். ஆனால் அதன் மடிப்பு மடிப்பான கான்கிரீட் கூரை விரிசல் கண்டு நீர் கசிந்து, பெரிய பழுதுபார்ப்புக்கு உள்ளானது. பாதையை அங்கிருந்து கற்றுக்கொள்ளுங்கள், கூரையை விட்டுவிடுங்கள். இத்தாலியின் சான் ஜொவான்னி ரொத்தோந்தோவில் ரென்சோ பியானோ 2004-இல் முடித்த பாத்ரே பியோ கோயில் உள்ளூர்க் கல்லையே பெரிய வளைவுகளாக நிறுத்தியது. உள்ளே சுமார் 6,500 பேர் அமரலாம். அதைவிடப் பல மடங்கு மக்களை வெளியே சரிவான முற்றம் தாங்கும்.

வெயிலும் மழையும் அறிந்த உதாரணங்கள் இன்னும் பக்கத்தில் உள்ளன. மும்பை தாதரில் சார்ல்ஸ் கொரேயா 1970-களில் கட்டிய சல்வசாவ் கோயில், மூடிய பகுதிகளையும் திறந்த முற்றங்களையும் மாறி மாறி வைத்து, உயர்ந்த கூரைகளின் உச்சி வழியே சூட்டை வெளியேற்றுகிறது. திருவனந்தபுரத்தில் அதே பத்தாண்டின் தொடக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய லொயோலா சிற்றாலயத்தின் ஜாளிச் செங்கல் சுவர்கள் (இடையிடையே துளை விட்டுக் கட்டியவை) காற்றையும் வெளிச்சத்தையும் பொடிப்பொடியாக உள்ளே விடுகின்றன. நாகர்கோவிலிலிருந்து காலையில் புறப்பட்டால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். குழுவை ஒருநாள் கூட்டிப்போங்கள்.

படி 7: மழை, காற்று, உப்பு

விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்மேற்குப் பருவமழை நன்றாகவே பெய்யும். தோவாளைப் பக்கம் மழை குறைவு, ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. மணக்குடி, குளச்சல், தூத்தூர் கரையில் உப்பு. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மூன்று விதக் கோயில் தேவை. வேறொரு பங்கின் வரைபடத்தை வாங்கி அப்படியே கட்டுவது இங்கே பலிக்காது.

மழைக்கு முதல் மருந்து சரிவான கூரையும் நீண்ட இறவாணமும் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு). கோயிலைச் சுற்றி 3 மீட்டர் அகலத்துக்குத் தாழ்வாரம் விடுங்கள். சாரல் சுவரைத் தொடாது, மதிய வெயில் உள்ளே வராது, திருவிழா இரவில் ஆயிரம் பேர் நனையாமல் உட்காருவார்கள். கூரைகள் ஒன்றோடொன்று சேரும் பள்ளங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கசிவு அங்கேதான் தொடங்கும். கோபுரம் கூரையைத் துளைத்து எழும் இடமும் அப்படியே. கோபுரத்தைத் தனியாக விலக்கி நிறுத்தினால் அந்தக் கசிவே இல்லை.

உப்புக்காற்றுக்குக் கான்கிரீட்டின் தரமே மருந்து. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும். கடல்நீர் தெறிக்கும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். பல வேலைகளில் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகிக் கான்கிரீட் போடுகிறார்கள். அதற்குப் பதிலாகக் கவர் பிளாக் (மூடல் அளவுக்குக் கம்பியை விலக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு வார்ப்புக்கு முன்னும் குழுவில் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். உப்பு உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அதன்பின் பூச்சு பூசுவது வீண்செலவு.

படி 8: ஒலி

புதுக் கோயில்களில் நான் அதிகம் வருந்தும் விஷயம் இது. தரை கிரானைட், சுவர் டைல்ஸ், கூரை வழவழப்பான பூச்சு. வாசகம் வாசிப்பவர் சொல்லும் ஒரு சொல் மறைவதற்குள் அடுத்த சொல் வந்து மோதுகிறது. உடனே இன்னும் சத்தமான ஸ்பீக்கர் வாங்குகிறார்கள், குழப்பமும் கூடுகிறது.

பேச்சு தெளிவாகக் கேட்க எதிரொலி அடங்கும் நேரம் சுமார் ஒன்றரை வினாடிக்குள் இருக்க வேண்டும். பாட்டுக்குக் கொஞ்சம் கூடலாம். பின்சுவரை ஜாளிச் செங்கலாக்குங்கள், கூரையின் அடிப்பக்கம் மரப்பலகை அடியுங்கள், பக்கங்களைத் தாழ்வாரத்துக்குத் திறந்துவிடுங்கள். தகரக் கூரை என்றால் அதன் கீழே காப்புப் பொருளும் உள்கூரையும் இல்லாமல் விடாதீர்கள். டிசம்பர் மழையில் பிரசங்கம் ஒரு வரிகூடக் கேட்காது. வெளி முற்றத்தில் ஸ்பீக்கர்களைத் தூரத் தூர வைக்கும்போது ஒலி 34 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்பதை நினைவில் வைத்து, பின்வரிசை ஸ்பீக்கருக்கு அந்தத் தாமதத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

படி 9: தேர், மெழுகு, உப்பு, செருப்பு

தேர் செல்லும் பாதையை வரைபடத்தில் தனி நிறத்தில் போடுங்கள்: வாசலின் உயரம், திரும்பும் இடம், மின்கம்பி, தேர்க்கொட்டகை. தேருக்குப் பின்னால் உருண்டு நேர்ச்சை செலுத்துகிறவர்கள் இருக்கும் ஊரில் அந்தப் பாதையில் ஜல்லியும் கூர்விளிம்புக் கற்களும் கூடாது. மழைநீர் தேங்காத, வழுக்காத தரை வேண்டும்.

உப்பும் நல்லமிளகும் நேர்ச்சையாகக் கொட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. எந்தக் கட்டடக் கலை நூலும் இதைச் சொல்லாது: அந்த உப்பு தூணின் அடியில் சேர்ந்து மழையில் கரைந்து கம்பிக்குள் இறங்கும். கருங்கல்லில் ஒரு தொட்டி குடைந்து, வடிகாலோடு தூண்களிலிருந்து தள்ளி வையுங்கள். மெழுகுதிரிக்கும் அப்படித்தான், காற்றுத் தடுப்புள்ள திறந்த மண்டபம், மணல் தட்டு, மேலே புகை போக வழி. கோயிலுக்குள் மெழுகுப்புகை படிந்த கூரையை வெளுப்பது பெரும்பாடு.

நேர்ச்சையாக வரும் வெள்ளி உருவங்களையும் ஊன்றுகோல்களையும் திருத்தலத்தில் பார்வைக்கு வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்கிறது சட்டத் தொகுப்பின் 1234-ஆம் எண். பூட்டிய அலமாரியில் அடைத்து வைக்காமல் ஒரு சிறு காட்சியறை கொடுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியில் தெரியும் இடமும் கம்பித்தட்டியும் வேண்டும் (எண் 964). பெண்களுக்குக் கழிப்பறைகள் ஆண்களுக்கானதை விட இரண்டு மடங்காவது இருக்கட்டும். திருவிழா இரவில் இதைவிடப் பெரிய இரக்கச் செயல் இல்லை.

படி 10: பணம் வரும் வரிசையில் கட்டுங்கள்

முதலில் வடிகால், குடிநீர், கழிப்பறை. பிறகு வெளிப் பீடமும் தாழ்வாரமும். இவை முடிந்ததுமே திருத்தலம் இயங்கத் தொடங்கிவிடும். அடுத்து கோயில். கடைசியில் கோபுரம். நன்கொடையாளர்கள் கோபுரத்தில்தான் பெயரைப் பார்க்க விரும்புவார்கள் என்று சொல்வார்கள். தாழ்வாரத்தின் ஒவ்வொரு தூணையும் ஒரு அன்பியத்துக்கோ ஒரு குடும்பத்துக்கோ கொடுங்கள், பணம் வரும்.

படி 11: அர்ச்சிப்பும் அதற்குப் பிறகும்

அர்ச்சிப்பு (கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கு) நாளில் ஆயர் பீடத்தையும் சுவர்களில் 12 அல்லது 4 இடங்களையும் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலத்தால் பூசுவார். அந்த இடங்களில் சிலுவைக் குறியும் விளக்கு மாடமும் முன்பே அமைத்துவிட வேண்டும். பீடத்தின் அடியில் புனிதப் பண்டம் (புனிதரின் உடல் எச்சம்) வைப்பதானால் அதற்கான குழியைக் கல் செதுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அந்தப் பண்டத்தின் உண்மைத்தன்மைக்குச் சான்று வேண்டும்.

கூரைக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, திருவிழா வரவில் ஒரு பங்கை அதில் போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஓடு, இறவாணக் குழாய், கோபுரத்தின் இணைப்புகள், தூண்களின் அடிப்பகுதி, மின்னல் தாங்கி ஆகியவற்றைப் பார்த்து எழுதி, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் வேலையை முடியுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள்.